குழந்தைகள் புத்தகத்தைச் சொந்தமாகப் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் புதுச்சேரியில் ஒரு தோழி வீட்டு மாடியில், குழந்தைகளுக்காகப் புதிதாக எழுத வந்திருக்கும் ஏழெட்டுப் பேர் கூடினோம். மூன்று பேர் சொந்தச் செலவில் அச்சடித்த புத்தகங்களைக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் ஒன்றைத் திறந்தேன், இரண்டாவது பக்கத்திலேயே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. 2018-இல் என் முதல் புத்தகத்தில் நடந்த அதே தவறு, அதே மாதிரி. எழுதிய தம்பி நகையை அடகு வைத்து ஆயிரம் பிரதி போட்டிருந்தார். அத்தனை பேர் முன்னால் அவரிடம் சொல்ல மனசு வரவில்லை. கடலூர் திரும்பிய பிறகு ஃபோன் செய்து சொன்னேன். அவர் அச்சுக்குப் போவதற்கு முன்னால் யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று இரண்டு நாள் மனசை அரித்துக்கொண்டே இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

எழுத்துப் பிழை பாருங்கள், அட்டை அழகாக இருக்கட்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கதை முடிவதற்குள் படம் வரையக் கொடுப்பது

கதை எழுதிய சூட்டோடு ஓவியரைத் தேடிப் போய்விடுகிறோம். படம் வரத் தொடங்கிய பிறகுதான், எட்டாம் பக்கத்தில் கதை நிற்கிறது, நகரவில்லை என்று தெரிகிறது. அப்போது இரண்டு பக்கத்தைத் தூக்கினால் வரைந்த படத்துக்கான பணமும் சேர்ந்து போகும், ஓவியருக்கும் கசப்பு.

முதலில் ஒரு டம்மி செய்யுங்கள். ஆறு ஏ4 தாளை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் 24 பக்கம். தலைப்புக்கு ஒரு பக்கம், பதிப்பு விவரத்துக்கு ஒரு பக்கம் போக, கதைக்கு மிஞ்சுவது 22. பென்சிலால் அதில் கதையை எழுதுங்கள், படம் வரும் இடத்தில் வெறும் கட்டம் போட்டால் போதும். எழுதும்போதே கை தானாக வரிகளை அடிக்கும். பாட்டி சிவப்புச் சேலை கட்டியிருந்தாள் என்று எழுத வேண்டியதில்லை, அதைப் படம் சொல்லிவிடும். வலது பக்கத்தில் ஒரு கேள்வியை நிறுத்தி, தாளைத் திருப்பினால் பதில் வருகிற மாதிரி அமைக்கலாம் என்பதும் டம்மி கையில் இருந்தால்தான் தோன்றும். நான் இப்போது ஒரு கதைக்குக் குறைந்தது மூன்று டம்மியாவது செய்கிறேன்.

மெய்ப்பை ஃபோனில் பார்த்து ‘சரி’ சொல்வது

மெய்ப்பு என்பது அச்சுக்குப் போகும் முன் நாம் சரிபார்க்கத் தருகிற பிரதி. இதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் ஆகியும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

என் முதல் கதை, மரப்பொந்தில் இருக்கும் ஒரு குட்டி வௌவாலைப் பற்றியது. வேர்டில் யூனிகோடில், அதாவது இப்போது ஃபோனிலும் கணினியிலும் பொதுவாக இருக்கும் எழுத்து முறையில், தட்டச்சு செய்து, நான்கு முறை படித்து, தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பாவிடமும் காட்டித் திருத்தி, ஒரு அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கே லே-அவுட் செய்த தம்பி, பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில் வேலை செய்கிறவர். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வெளிவந்தது 2001-இல், அதற்கு யூனிகோடு தெரியாது. அதனால் அவர் என் கதையைப் பழைய எழுத்துரு ஒன்றுக்கு மாற்றி வைத்துக்கொண்டார். எனக்கு இது எதுவும் தெரியாது. பி.டி.எஃப். வாட்ஸ்அப்பில் வந்தது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன், தவளக்குப்பம் தாண்டியிருக்கும். படங்கள் அவ்வளவு அழகாக வந்திருந்தன, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு அரியாங்குப்பம் வருவதற்குள் “ஓகே தம்பி, ஓட்டிடுங்க” என்று அனுப்பிவிட்டேன். ஆயிரம் பிரதி, நாற்பத்தாறாயிரம் ரூபாய்.

புத்தகம் வந்த அன்றைக்கு, இரண்டாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனிடம் முதல் பிரதியைக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து விரல் வைத்து வாசித்தான். நான்காம் பக்கத்தில் நின்று, “அத்தை, பாந்துன்னா என்ன?” என்று கேட்டான். பாந்தா? வாங்கிப் பார்த்தேன். ‘மரப்பொந்து’ என்ற சொல் வரிக் கடைசியில் உடைந்திருந்தது. ‘மரப்’ என்பதும், ‘பொ’வின் ஒற்றைக்கொம்பும் மேல் வரியில், ‘பாந்து’ கீழ் வரியில். பழைய எழுத்துருவில் ‘பொ’ என்பது ஒரே எழுத்து கிடையாது. கொம்பு, ப, கால் என்று மூன்று தனித்தனித் துண்டுகள். வரியை நிரப்பச் சொல்லை உடைக்கும்போது அது எழுத்தின் நடுவிலேயே உடையும். பெரியவர்கள் கண் இதைத் தாண்டிப் போய்விடும், ஏனென்றால் நமக்குச் சொல் ஏற்கெனவே தெரியும், எழுத்தைப் பார்ப்பதே இல்லை. இப்போதுதான் கூட்டி வாசிக்கக் கற்கிற குழந்தை அச்சில் என்ன இருக்கிறதோ அதைத்தான் வாசிக்கும். அந்தப் பையன் செய்தது முழுக்கச் சரி.

அதோடு போகவில்லை. பேச்சு வருகிற இடத்தில் மேற்கோள் குறிகள் சில, சம்பந்தமில்லாத எழுத்தாக மாறியிருந்தன. கதாநாயகன் பெயரே சிக்கல். வௌவாலில் வருகிற ஔகாரக் குறி, ‘ள’வைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். அந்த எழுத்துருவில் அதற்குத் தனி வடிவம் இல்லாததால் முழு ‘ள’வே நின்றது. பையன் அதை ‘வெ-ள-வால்’ என்றுதான் படித்தான். ஔகார வரிசையில் வரும் சொற்கள் தமிழில் மிகக் குறைவு, அந்த வயதுப் பிள்ளைகள் அதைப் பார்ப்பதே அபூர்வம். அபூர்வமாக ஒரு புத்தகம் அதைக் காட்டப் போய், தப்பாகக் காட்டிவிட்டது.

ஒரு பக்கத்தை மட்டும் மாற்றலாமா என்று அச்சகத்தில் கேட்டேன். ஒரு பக்கம் மட்டும் தனியாக அச்சாவதில்லை, பல பக்கங்கள் ஒரே பெரிய தாளில் சேர்ந்து ஃபாரமாகத்தான் ஓடும், வண்ணத்துக்கு நான்கு பிளேட் (அச்சுத் தகடு) புதிதாகப் போட வேண்டும், பைண்டிங்கைப் பிரிக்க வேண்டும். “அக்கா, நீங்க ஓகே சொன்னீங்களே” என்றார் அந்தத் தம்பி. அவர் சொன்னது உண்மை. முந்நூறு பிரதிகளில் திருத்தத்தை ஸ்டிக்கராக அடித்து வீட்டில் உட்கார்ந்து ஒட்டினேன். மீதியை விற்கவில்லை. குழந்தை கையில் அதைக் கொடுக்க என்னால் முடியவில்லை.

யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் டி.டி.பி. (கணினியில் பக்கம் அமைக்கும்) வேலை செய்யும் பல இடங்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவர்களுடைய கை அதில்தான் பழகியிருக்கிறது. அதனால் வேலை கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, விலை அல்ல: யூனிகோடில் செய்வீர்களா, எந்த மென்பொருளில்? இன்டிசைன் என்றால், அதில் தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கிற வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற அமைப்பைப் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் யூனிகோடு எழுத்துருவிலும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பழைய எழுத்துருவில்தான் செய்வேன் என்றால் அதுவும் பரவாயில்லை, நல்ல புத்தகங்கள் அப்படியும் வந்திருக்கின்றன, ஆனால் மாற்றிய பிறகு மறுபடி முதல் எழுத்திலிருந்து படிக்க வேண்டும். நீங்கள் வேர்டில் நான்கு முறை திருத்திய கோப்பு வேறு, அச்சுக்குப் போகிற கோப்பு வேறு. இது எனக்குப் புரிய நாற்பத்தாறாயிரம் ஆனது.

மெய்ப்பை உண்மையான அளவில் காகிதத்தில் எடுத்துப் பாருங்கள். நான் மூன்று தடவை பார்க்கிறேன். ஒரு தடவை கதையாக வாய்விட்டு. இன்னொரு தடவை கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு, ஒவ்வொரு சொல்லாக, அப்போது கதை நம்மை இழுத்துக்கொண்டு போகாது. மூன்றாவது தடவை வரிகளின் முனைகளை மட்டும்: எந்தச் சொல் உடைந்திருக்கிறது, எந்த வரி புள்ளி எழுத்தில் தொடங்குகிறது என்று. உண்மையில் சின்னப் பிள்ளைகள் புத்தகத்தில் சொல்லை உடைக்கவே கூடாது. இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று லே-அவுட்டில் ஆசைப்படுவார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும், வரி பொருள் பிரியும் இடத்தில் முடியட்டும். எழுத்து கறுப்பு ஒரே மையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நான்கு நிறத்தையும் கலந்து கறுப்பாக்கியிருந்தால், பிளேட் ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிழல் தட்டும். அப்புறம், ஓவியர் படத்துக்குள்ளேயே கதை வரிகளைச் சேர்த்து வரைந்து கொடுத்தால் வாங்காதீர்கள், பிழை இருந்தால் திருத்த வழி இருக்காது.

அந்த மெய்ப்புத் தாளை ஒரு இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே பென்சிலால் புள்ளி வையுங்கள். நானும் பெரியப்பாவும் பார்க்காததை அந்தப் பையன் நான்கு நிமிஷத்தில் பார்த்தான்.

கடைசிப் பக்கத்தில் நீதி

எடுத்துவிடுங்கள்.

ஐ.எஸ்.பி.என். வாங்கப் பணம் கொடுப்பது

ஐ.எஸ்.பி.என். என்பது புத்தகத்துக்கான அடையாள எண். இந்தியாவில் அது இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் எழுத்தாளரே பதிவு செய்து வாங்கலாம். கொஞ்சம் நாளாகும், அதனால் படம் வரையும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். இன்னொரு மொழியில் போட்டால் அதற்குத் தனி எண், மின்னூலுக்கும் தனி எண்.

ஓவியருடன் வாய்ப்பேச்சு

பழகியவர்தானே என்று விட்டுவிடுகிறோம். பிறகு அதே படத்தை நாட்காட்டியில் போடலாமா, தெலுங்கில் வந்தால் பயன்படுத்தலாமா என்று கேள்வி வரும்போது நட்புதான் அடிபடுகிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமையை எழுதிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று போடாவிட்டால் ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்ளப்படும், எந்த நாட்டுக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். ஒரு பக்கம் போதும்: எத்தனை படம், எவ்வளவு பணம், எத்தனை முறை திருத்தம், எந்தெந்த வடிவத்துக்கு, எத்தனை வருஷம், மூலப் படம் யாரிடம் இருக்கும். அட்டையில் அவர் பெயரை உங்கள் பெயர் அளவுக்கே போடுங்கள். படப் புத்தகத்தில் பாதி அவருடையது.

30 பக்கம்

தாளை மடித்து நடுவில் சென்டர் பின் அடிக்கிற புத்தகத்தில் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும், 30 வராது. 28 அல்லது 32.

ஆயிரம் போட்டால் மலிவு என்று நம்புவது

பிரதிக்கு விலை குறையும், உண்மைதான். பிளேட் போட்டு அச்சடிக்கிற ஆஃப்செட்டில் பிளேட் செலவு ஒரே தடவை, அதை எத்தனை பிரதிக்குப் பங்கு போடுகிறோம் என்பதுதான் கணக்கு. ஆனால் முதல் புத்தகத்தை நம்மிடமிருந்து வாங்கக்கூடியவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் பெயர் எழுதிப் பாருங்கள். எனக்கு நூற்றுப்பத்தில் நின்றது. நூறு, நூற்றைம்பது பிரதி, பிளேட் இல்லாத டிஜிட்டல் அச்சில் போட்டு, பிரதிக்குக் கூடக் கொடுத்து, பிழைகளையும் பார்த்துவிட்டுப் பிறகு ஆஃப்செட்டுக்குப் போவது நல்லது.

வைக்கிற இடமும் இருக்கிறது. நம் ஊர்க் கடற்காற்றுக்கு வழவழப்பான ஆர்ட் பேப்பர் தாங்காது, ஈரம் பட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரிந்து வரும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, தரையில் அட்டைப்பெட்டியாக அடுக்கி வைத்திருந்த ஒரு தோழியின் இரண்டாவது புத்தகம் ஒரே இரவில் போய்விட்டது. பெட்டிகளை மர ஸ்டாண்டின் மேல், சுவரை ஒட்டாமல், பிளாஸ்டிக் சுற்றி வையுங்கள்.

குழந்தைகளிடம் வாசித்துக் காட்டாமல் எழுதிக்கொண்டே போவது

மெய்ப்புக்குக் குழந்தை வேண்டும் என்று சொன்னேன், கதைக்கு அதற்கும் முன்னாலேயே வேண்டும். நம் வீட்டுக் குழந்தையாக இருக்கக் கூடாது, அது நமக்காகச் சிரிக்கும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவனாம்பட்டினத்தில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து டம்மியை வாசிக்கிறேன். எந்த வரியில் தலை வேறு பக்கம் திரும்புகிறதோ அந்த வரியைக் கோடிடுகிறேன். அங்காடி என்று எழுதியிருந்தேன், “கடையா அத்தை?” என்றார்கள், கடை என்று மாற்றினேன்.

இப்போது கையில் இருக்கும் கதையில் தனியாகத் திரிகிற ஒரு நெத்திலி வருகிறது, நண்பர்களே இல்லாத நெத்திலி. மூன்றாம் பக்கம் வாசிக்கும்போது, அப்பாவோடு கரைக்கு வலை இழுக்கப் போகிற ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள். “நெத்திலி தனியா வராது அத்தை, கூட்டமாத்தான் வரும்.” வீட்டுக்கு வந்து கதையை மாற்றினேன். இப்போது அது கூட்டத்தைத் தவறவிட்டுவிட்டுத் தேடிப் போகிறது, முன்பு இருந்ததைவிட நன்றாக இருக்கிறது. அடுத்த ஞாயிறு அவளிடம் நான்காவது டம்மியைக் காட்ட வேண்டும். ஓவியரிடம் இன்னும் பேசவில்லை.