ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஆன்டிஆக்ஸிடன்ட் புரதங்களைப் பார்ப்பது எப்படி?

ஆன்டிஆக்ஸிடன்ட் என்றாலே மாதுளை, கிரீன் டீ, டப்பாவில் விற்கும் மாத்திரை என்றுதான் பேச்சு போகிறது. ஆனால் ஃப்ரீ ராடிக்கல் எனும், செல்களைச் சேதப்படுத்தும் மூலக்கூறுகளைத் தடுக்கும் அந்த வேலையில், நம் ரத்தத்தில் பெரிய பங்கைப் பார்ப்பது கல்லீரல் தயாரித்து அனுப்பும் புரதங்கள். மாத்திரை வாங்கும் முன் கையில் இருக்கும் ரிப்போர்ட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

முதலில் எல்எஃப்டி, அதாவது கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை. அதில் ஆல்புமின் என்ற வரி இருக்கும், பெரியவர்களுக்குப் பொதுவாக டெசிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம் வரை. ஆல்புமின் புரதத்தில் சிஸ்டீன் என்ற, கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் 35 உண்டு. 34 சிஸ்டீன்கள் ஜோடி ஜோடியாகப் பிணைந்துகொள்ள, மிச்சமுள்ள ஒன்று தனியாக நிற்கிறது, ரத்தத்தில் திரியும் ஃப்ரீ ராடிக்கல்களின் அடியை அதுதான் வாங்கிக்கொள்கிறது. அளவு குறைந்தால் உடனே புரோட்டீன் பவுடர் வாங்க ஓடாதீர்கள். கல்லீரல் பாதிப்பு, சிறுநீரில் புரதம் கசிவது, உடம்பில் தொற்று என்று காரணம் வேறாக இருக்கலாம், அதிலும் கிட்னி பிரச்சினை என்றால் பவுடர் கெடுதலாகவே முடியலாம். ஆல்புமினின் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி கழிய ஆகும் காலம், ஏறக்குறைய 20 நாள், அதனால் நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டு அடுத்த வாரமே திரும்ப டெஸ்ட் எடுத்துப் பயனில்லை.

அப்புறம் இரும்பு. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். இரும்பு நமக்கு வேண்டும், ஆனால் கட்டுப்பாடில்லாமல் திரியும் இரும்பு ஹைட்ரஜன் பெராக்ஸைடோடு சேர்ந்தால் ஹைட்ராக்ஸில் ராடிக்கல் பிறக்கிறது, ஃப்ரீ ராடிக்கல்களிலேயே மிக மூர்க்கமானவற்றில் அது ஒன்று. அது பிறக்கவே விடாமல் தடுப்பதுதான் டிரான்ஸ்ஃபெரின் என்ற, இரும்பைச் சுமக்கும் புரதம்: ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு இரும்பு அணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்பதை நீங்களே கணக்குப் போடலாம். சீரம் அயர்னை (ரத்தத்தில் உள்ள இரும்பு) டிஐபிசியால் (டிரான்ஸ்ஃபெரின் மொத்தமாகப் பிடிக்கக்கூடிய இரும்பு) வகுத்து நூறால் பெருக்குங்கள். அயர்ன் 90, டிஐபிசி 300 என்றால் 30 சதவீதம், மீதி இடம் காலியாக இருக்கிறது, நல்லது. 45 சதவீதத்தைத் தாண்டினால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். தலசீமியாவுக்காக அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இந்த இடம் முழுதும் நிரம்பி, பிடிபடாத இரும்பு இதயத்தையும் கல்லீரலையும் தாக்குகிறது; இரும்பை வெளியேற்றும் மருந்தை டாக்டர் சொல்லாமல் அவர்கள் விடக் கூடாது என்பது இதனால்தான். இந்த டெஸ்ட்டுக்குக் காலையில் வெறும் வயிற்றில் போங்கள், இரும்பு மாத்திரை எடுப்பவர் என்றால் அதை எப்போது நிறுத்திவிட்டு வர வேண்டும் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: ரத்தசோகைக்காகக் கொடுத்த மாத்திரையை இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

ஹாப்டோகுளோபின் என்ற புரதத்தை எல்லோருக்கும் பார்க்க மாட்டார்கள். சிவப்பணு உடைந்து வெளியே கொட்டும், இரும்பு அடங்கிய ஹீமோகுளோபினை அது கவ்விக்கொள்ளும், அணுக்கள் நிறைய உடைந்தால் செலவாகித் தீர்ந்துபோகும், எனவே ரிப்போர்ட்டில் குறைவாகக் காட்டும்.

செருலோபிளாஸ்மின் செம்பைச் சுமக்கும் புரதம், இரும்பை டிரான்ஸ்ஃபெரின் பிடித்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றுவதும் அதுதான். சின்ன வயதிலேயே காரணம் தெரியாத கல்லீரல் கோளாறோ கை நடுக்கமோ இருந்தால் இந்த டெஸ்ட் தேவையா என்று கேளுங்கள். குறைவாக இருந்தால், உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோயா என்று மேற்கொண்டு பார்ப்பார்கள், சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்திலேயே கட்டுப்படுத்தலாம். அது பரம்பரையாக வருவது, அதனால் உறுதியானால் கூடப்பிறந்தவர்களுக்கும், அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று தோன்றினாலும், டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.