முதுமையில் எழுதத் தொடங்குவோரின் குழுவை நடத்துவது எப்படி?

அறுபது வயதுக்குப் பின் முதன்முறையாகக் கதை எழுத வருபவருக்குச் சொல்லச் செய்தி இல்லாமல் போவதில்லை. அது அளவுக்கு மீறி இருப்பதுதான் தடை. பிறந்தது முதல் பணி ஓய்வு வரை அனைத்தையும் ஒரே மூச்சில் எழுத முயன்று, இரண்டாம் பக்கத்திலேயே களைத்துவிடுவார். ஆகவே, அந்த நீண்ட வாழ்க்கையை ஒரு மணி நேரத்துக்கு, முடிந்தால் ஓர் அறைக்குள், சுருக்கித் தருவதே குழுவை நடத்துபவரின் முதல் வேலை.

"உங்கள் இளமையைப் பற்றி எழுதுங்கள்" என்றால் கட்டுரைதான் வரும். "முதல் சம்பளத்துடன் வீட்டுக்குள் நுழைந்தபோது யார் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று கேட்டால் காட்சி வரும். நடுவயதைக் கடந்தவர்களின் நினைவில் ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான நிகழ்ச்சிகளே மிகுதியாகத் தங்கியிருப்பதை உளவியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன என்பதால், தொடக்க வாரங்களின் பயிற்சிகளை அந்தப் பருவத்திலிருந்தே எடுக்கலாம். அடுத்த வாரம் அதே காட்சியை அந்த அறையிலிருந்த வேறொருவரின் பார்வையில் எழுதச் சொல்லுங்கள். "அவர் மனதில் என்ன ஓடியதென்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒருவராவது தயங்குவார், நினைவுக் குறிப்பு புனைகதையாக மாறும் இடம் அதுவே என்பதால், அந்தத் தயக்கத்தின்மீது எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும்.

எட்டுப் பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் வாசித்து, ஐந்து நிமிடம் கருத்துக் கேட்டாலே 80 நிமிடங்கள் ஆகிவிடும். எழுதும் நேரமும் இடைவேளையும் சேர்ந்தால் இரண்டு மணி நேரம். தாள்களை 16 புள்ளி எழுத்தில் அச்சிடுங்கள். கை நடுங்குபவர் கைபேசியில் பேசிப் பதிவு செய்துகொள்ளட்டும்.

கருத்துக் கூறும்போது, மனதில் நின்ற ஒரு வரியை முதலில் சொல்வது வழக்கமாகட்டும். ஒற்றுப் பிழையையும் ரகர றகரக் குழப்பத்தையும் அவையில் எடுத்துக்காட்டினால், பள்ளிக்கூடத்து அச்சம் மீண்டும் வந்து அமர்ந்துவிடும். "நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்காமல், "கதைசொல்லி ஏன் அப்படிச் செய்கிறார்?" என்று கேட்கப் பழக்குங்கள். வாசிக்கும்போது ஒருவர் குரல் உடைந்தால் ஆறுதலுக்கு விரைய வேண்டாம். நிறுத்தலாமா, வேறொருவர் தொடர்ந்து வாசிக்கலாமா என்று மட்டும் கேளுங்கள்.

"பெரிதாக ஒன்றும் எழுதவில்லை" என்ற முன்னுரையை மட்டும் நான் கண்டிப்பாகத் தடுத்துவிடுவேன். நடத்துபவரும் உடன் அமர்ந்து எழுத வேண்டும். முதல் வாரத்தில், அடித்தல் திருத்தல்களோடு அப்படியே இருக்கும் தம் தாளை அவரே முதலில் வாசிக்க வேண்டும்.