‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ என்று வந்தால்: வீட்டுச் சேர்வரில் கோப்பு வரம்பைக் கூட்டுவது எப்படி?

கல்லடியில் எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே இருக்கும் பழைய லப்டொப்தான் என் சேர்வர். அதில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்டிருக்கிறேன். கரண்ட் போனாலும் பற்றரியில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். லினக்ஸ் ஐஎஸ்ஓக்களை, அதாவது நிறுவல் கோப்புகளை, இறக்கி டொரன்ட்டில் பகிர்வது அதன் வேலை. ஒருநாள் இரவு எல்லாம் நின்றுவிட்டது. லொக்கைத் திறந்தால் ஒரே வரி திரும்பத் திரும்ப: ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’, அதாவது திறந்திருக்கும் கோப்புகள் அளவுக்கு மீறிவிட்டன. டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தது.

ஒரு நிரல் ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகளைத் திறந்து வைத்திருக்கலாம் என்பதற்கு லினக்ஸில் வரம்பு உண்டு, வழக்கமாக 1024. வலைத் தொடர்புகளும் இந்தக் கணக்கில்தான் சேரும். நூற்றுக்கணக்கான ஆட்களோடு பேசும் டொரன்ட்டுக்கு அது கெதியில் நிரம்பிவிடும்.

கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

என் டொரன்ட் நிரலின் பெயர் டிரான்ஸ்மிஷன்-டீமன். முதலில் ‘பிஐடிஆஃப் டிரான்ஸ்மிஷன்-டீமன்’. ஒரு எண் வரும். அதுதான் பிஐடி, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் அடையாள எண். 812 என்று வைத்துக்கொள்வோம். மறுகா ‘கேட் /ப்ராக்/812/லிமிட்ஸ்’. அதில் ‘மேக்ஸ் ஓப்பன் ஃபைல்ஸ்’ வரியில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது மென்வரம்பு, இப்போது நடப்பில் உள்ளது. இரண்டாவது வன்வரம்பு, நிரல் தானாகக் கூட்டிக்கொள்ளக்கூடிய உச்சம்.

நான் கோட்டைவிட்டது இங்கேதான். ‘லிமிட்ஸ் டொட் கொன்ஃப்’ கோப்பைத் திருத்திவிட்டு, லப்டொப்பை இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்தேன். ஒன்றும் மாறவில்லை. அந்தக் கோப்பு லொகின் செய்கிறவர்களுக்கானது. பின்னணிச் சேவைகளைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டி எழுப்பும் சேவைகள் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

சரியான வழி: ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் டிரான்ஸ்மிஷன்-டீமன்’. எடிட்டர் திறக்கும். புதிய பதிப்புகளில் மேலே சில குறிப்பு வரிகள் இருக்கும்; ‘எனிதிங் பிட்வீன் ஹியர்’ என்று தொடங்கும் வரிக்கும் அதற்கு அடுத்த குறிப்பு வரிக்கும் நடுவில்தான் எழுத வேண்டும். கீழே எழுதினால் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். எழுத வேண்டியது இரண்டே வரி. முதல் வரியில் சதுர அடைப்புக்குள் ‘சர்விஸ்’. அடுத்த வரியில் ‘லிமிட்நோஃபைல்=8192’. எல், என்ஓஎஃப்ஐஎல்இ எல்லாம் பெரிய எழுத்து, ‘இமிட்’ மட்டும் சின்ன எழுத்து, சமக்குறிக்கு இரு பக்கமும் இடைவெளி வேண்டாம்.

சேமித்து வெளியே வந்து, ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் டிரான்ஸ்மிஷன்-டீமன்’. பிஐடி மாறியிருக்கும், அதனால் புது எண்ணை எடுத்து லிமிட்ஸைத் திரும்பப் பாருங்கள். 8192 தெரிய வேண்டும்.

வரம்பே வேண்டாம் என்று ‘இன்ஃபினிட்டி’ போடலாமே என்று தோன்றும். வேண்டாம். சில பழைய நிரல்கள் தொடங்கும்போது வரம்பு வரை ஒவ்வொரு கோப்பு எண்ணாக மூடிப் பார்க்கும். வரம்பு பெரிதானால் அதிலேயே நேரம் போய்விடும். வீட்டுக்கு 8192 போதும்.

அப்புறம் இரண்டு நாள் கழித்து இடைக்கிடை ‘சூடோ எல்எஸ் /ப்ராக்/பிஐடி/எஃப்டி’ என்று, பிஐடி உள்ள இடத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தட்டி, எத்தனை பெயர்கள் வருகின்றன என்று எண்ணுங்கள். ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் நல்லது. ஏறிக்கொண்டே போனால் நிரல் திறந்த கோப்பை மூடாமல் விடுகிறது. அதற்கு 65536 கொடுத்தாலும் ஒருநாள் நிரம்பும்.