லால்பாக்கில் மரம் பார்ப்பது எப்படி

பெங்களூரின் லால்பாக் தாவரவியல் தோட்டம் 240 ஏக்கர். ஒரே காலையில் முழுசும் சுற்றிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் கண்ணாடி மாளிகையையும் ஏரியையும் பார்த்துவிட்டுக் கால்வலியோடு திரும்புகிறார்கள். மரம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் கணக்கை மாற்றுங்கள்: இரண்டரை மணி நேரம், பத்துப் பன்னிரண்டு மரம், அவ்வளவு போதும். மீதிக்கு இன்னொரு மாதம் வரலாம். அப்போது பூத்திருப்பது வேறு மரமாக இருக்கும்.

எந்த மாதம், எந்த நேரம்

1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் இது. திப்பு காலத்தில் விரிந்தது. ஆனால் இன்று பெங்களூரில் மாதத்துக்கு ஒரு நிறம் என்று மரங்கள் முறைவைத்துப் பூப்பதற்கு நன்றி சொல்ல வேண்டியவர் க்ரும்பீகல். 1908 முதல் 1932 வரை இந்தத் தோட்டத்தைக் கவனித்த ஜெர்மானியர். ஒரு வகை பூத்து ஓயும்போது அடுத்தது தொடங்கும்படி மரங்களைத் தேர்ந்து நகரத் தெருக்களில் நடவைத்தார். அந்த வரிசையை வைத்தே உங்கள் மாதத்தை முடிவு செய்யலாம்.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை இளஞ்சிவப்பு டபேபுயாக்கள் மாறி மாறிப் பூக்கும்; பிப்ரவரி, மார்ச்சில் மஞ்சள் டபேபுயா. ஜனவரி முதல் மார்ச் வரை முள்ளிலவு இலையே இல்லாமல் சிவப்பாக நிற்கும். மார்ச், ஏப்ரல் ஜகரண்டாவுக்கும் புங்கத்துக்கும். ஏப்ரல், மே வந்தால் குல்மோகர், இயல்வாகை, பூமருது. நவம்பர் வாக்கில் மரமல்லி வாசனை வீசும். ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்றால் மார்ச் முதல் வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். இலை உதிர்த்த மரம், துளிர்க்கும் மரம், பூத்த மரம் மூன்றும் அப்போது ஒரே நடையில் கிடைக்கும்.

குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். கண்காட்சி அழகுதான். ஆனால் கூட்டத்தில் நின்று ஒரு மரத்தை ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்க்க முடியாது.

வாயில் காலை 6 மணிக்குத் திறக்கும். ஆறரைக்குள் உள்ளே இருப்பது நல்லது. இரவில் உதிர்ந்த பூவும் காயும் காலையில்தான் தரையில் கிடக்கும். பெருக்குகிறவர்கள் பாதையைச் சுத்தம் செய்துவிட்டால் பாதித் தடயம் போய்விடும்.

பச்சை வழித்தட மெட்ரோவில் லால்பாக் நிலையத்தில் இறங்கினால் மேற்கு வாயில் நடக்கும் தூரம். ஸ்ரீராம்புரத்திலிருந்து நேர் வண்டி. அல்சூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மெஜஸ்டிக்கில் மாறி சில்க் இன்ஸ்டிடியூட் போகும் வண்டியைப் பிடிக்க வேண்டும்; அங்கிருந்து நான்காவது நிலையம்.

கையில் என்ன இருக்க வேண்டும்

10 மடங்கு பெருக்கும் சின்ன லென்ஸ், தையற்காரர் டேப், பென்சில், நோட்டு. பைனாகுலர் இருந்தால் 8 மடங்கு பெருக்கும் 8×42 அல்லது 8×32 போதும். அதற்கு மேல் பெருக்கினால் கை ஆட்டமும் சேர்ந்து பெருகும். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

தரையிலிருந்து மேலே

பெரிய மரத்தைப் பார்த்ததும் தலை தானாக மேலே போகும். அங்கேதான் தவறு தொடங்குகிறது. முப்பது மீட்டர் உயரத்தில் இலை வெறும் பச்சை. அடையாளம் எல்லாம் காலடியில் கிடக்கிறது. அதனால் வரிசை இதுதான்: முதலில் தரையில் கிடக்கும் காய், பூ, இலை. அடுத்து மரத்தின் அடியும் பட்டையும். பிறகு கிளை பிரியும் விதம். கடைசியில்தான் உச்சி. கீழே கிடப்பது பக்கத்து மரத்திலிருந்து காற்றில் வந்ததாகவும் இருக்கலாம். ஒரே வகைக் காய் மரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் கிடக்கிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

அதிகம் குழப்புகிறவை நான்கு: குல்மோகர், இயல்வாகை, ஜகரண்டா, தூங்குமூஞ்சி. நான்குக்கும் இறகு போலப் பிரிந்து, மறுபடி பிரிந்த கூட்டிலை. பூ இல்லாத மாதத்தில் தூரத்திலிருந்து பிரித்தறிய முடியாது. காயைத் தேடுங்கள். அரிவாள் போல நீண்டு, அரை மீட்டர் வரை கூட வளர்ந்த கெட்டிக் காய் குல்மோகர். விரல் நீளமே உள்ள, துரு நிறத் தட்டைக் காய் இயல்வாகை. வட்டமாக, தட்டையாக, இரண்டாகப் பிளந்த மரச்சில்லு ஜகரண்டா. கறுத்து, உடைத்தால் பிசுபிசுக்கும் காய் தூங்குமூஞ்சி. காயும் கிடைக்கவில்லை என்றால் தாழ்ந்த கிளையில் இலைக்காம்பு புறப்படும் இடத்தைப் பாருங்கள். ஜகரண்டாவில் இலைகள் எதிரெதிர் ஜோடியாக இருக்கும். மற்ற மூன்றிலும் மாறி மாறி வரும். குல்மோகரில் இளம் இலைக்காம்பின் அடியில் சின்ன இறகு போன்ற செதில் இருக்கும். லென்ஸில் அதைப் பார்த்துவிட்டால் பிறகு சந்தேகமே வராது.

கிளையை ஒடிக்காதீர்கள், பூ பறிக்காதீர்கள். தரையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடலாம்.

தவறவிடக் கூடாதவை

லால்பாக்கில் ஒரு மரத்துக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது என்றால் அந்தப் பழைய இலவம்பஞ்சு மரத்திடம் போங்கள். நம் முள்ளிலவுக்குச் சிவந்த பெரிய பூ. இதற்கு வெளிறிய சின்னப் பூ. அடிமரத்திலிருந்து சுவர் போல எழும் பலகை வேர்களுக்கு நடுவே ஆள் நின்றால் தோள் வரை மறையும். ஆழமாக இறங்காத வேரமைப்புள்ள பெருமரத்தைக் காற்றில் சாயாமல் தாங்குவது இந்தப் பலகைகள்தான். சுற்றி நடந்து, எல்லாப் பக்கமும் ஒரே உயரமா என்று ஒப்பிடுங்கள். வேர் மேல் ஏறி நிற்க வேண்டாம். மிதிபட்டு மண் இறுகினால் வேருக்குக் காற்று போகாது.

கண்ணாடி மாளிகைப் பக்கம் (அடிக்கல் 1889) அரவுகேரியா வகையான குக் பைன் நிற்கும். ஊசியாக உயர்ந்து, குட்டைக் கிளைகள் வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும். இந்தக் குக் பைன் பூமத்திய ரேகைக்கு வடக்கே வளர்ந்தால் தெற்காகவும், தெற்கே வளர்ந்தால் வடக்காகவும் சாய்கிறது என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. ரேகையிலிருந்து விலக விலகச் சாய்வும் கூடும். பெங்களூரில் சாய்வு கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும். போனில் திசைகாட்டியை வைத்து நீங்களே சரிபார்க்கலாம்.

உயரம் அளப்பதற்கும் இதுவே நல்ல மரம். கண்ணிலிருந்து நீட்டிய முஷ்டி வரை எவ்வளவு தூரமோ, அதே நீளம் முஷ்டிக்கு மேலே தெரியும்படி ஒரு குச்சியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். முஷ்டி மரத்தின் அடியோடும் குச்சி நுனி உச்சியோடும் பொருந்தும் வரை பின்னால் நகருங்கள். நின்ற இடத்திலிருந்து மரம் வரை உள்ள தூரமே உயரம். மரம் உங்கள் பக்கம் சாய்ந்திருந்தால் அளவு கூடிவிடும். சாய்வு பக்கவாட்டில் தெரியும் இடத்தில் நில்லுங்கள். சரிவான தரையில் இந்த முறை சரிவராது. சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டரில் எடுங்கள், 3.14ஆல் வகுத்தால் விட்டம். பலகை வேர் உள்ள மரத்தில் அந்த அளவை மற்றதோடு ஒப்பிட முடியாது.

சிவகுண்டல மரத்தின் பூ இரவில் விரியும், வௌவால்களுக்காக. கருஞ்சிவப்பு மணி போல அது புல்லில் கிடப்பதைக் காலையில்தான் பார்க்கலாம். அசோகம் என்று பலர் காட்டுவது நெட்டிலிங்கத்தை. உண்மையான அசோகத்துக்கு ஆரஞ்சுப் பூங்கொத்து, அதுவும் கிளையிலேயே ஒட்டினாற்போல.

விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையிலிருந்து கொண்டுவந்த கல்மரம் (கல்லாக மாறிய மரம்) ஒன்றும் உள்ளே இருக்கிறது, 2 கோடி ஆண்டு வயது. மரத்தின் நார் ஓட்டம் கல்லில் அப்படியே தெரியும். நம்மூர்க் கல்மரத்தைப் பார்க்காமல் வராதீர்கள்.

பெயர்ப் பலகையை எப்படி நம்புவது

பலகையில் தாவரவியல் பெயர், குடும்பம், தாயகம் இருக்கும். மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரைத் தேடினால் இணையத்தில் வேறொன்று வருகிறது என்றால் பலகை தப்பு என்று அர்த்தமில்லை; பெயர் மாறியிருக்கும். செண்பகம் மிச்சேலியாவாக இருந்து மேக்னோலியா ஆகிவிட்டது. நெட்டிலிங்கம் பாலியல்தியாவிலிருந்து மோனூன். கன்னடப் பெயரில் ஹொங்கே நம் புங்கம், நேரளே நாவல், பூருக இலவு. சில நேரம் பலகை ஒரு மரத்திலும், அது குறிப்பது அடுத்த மரமாகவும் இருக்கும். இலையோடு ஒப்பிடாமல் எழுதிக்கொள்ள வேண்டாம்.

எங்கே நிற்கக் கூடாது

நாகலிங்கத்தின் பூ அடிமரத்திலேயே முளைக்கிறது என்பதால் கிட்டே போகத் தோன்றும். மேலே முற்றிய காய் தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள், ஒவ்வொன்றும் தலையளவு. சிவகுண்டலக் காய் பல கிலோ தேறும். ஏப்ரல், மே மாலைகளில் கோடை மழைக்கு முன் காற்று கிளம்பினால் மரத்தடியை விட்டு வெளியே வந்துவிடுங்கள். குல்மோகர் கிளை சட்டென்று முறியும். உயர்ந்த கிளைக்கடியில் கறுத்த பாய் போலத் தொங்குவது மலைத்தேனீக் கூடு. அதன் கீழே ஃப்ளாஷ் போடவோ சத்தம் போடவோ கூடாது.

கெம்பேகௌடா கோபுரம் நிற்கும் பாறை சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையான நைஸ் என்னும் உருமாறிய பாறை வகை. மரங்களின் தலைகளை மேலிருந்து பார்க்க அதுதான் இடம். ஒன்பது மணிக்குள் ஏறிவிடுங்கள், பிறகு சூடு தாங்காது. கீழே நீங்கள் பார்த்த மரங்களில் எத்தனையை உச்சியை மட்டும் வைத்து அடையாளம் சொல்ல முடிகிறது என்று அங்கே நின்று நோட்டில் குறியுங்கள். சொல்ல முடியாதவைதான் அடுத்த முறைக்கான பட்டியல்.