காசு கட்டிக் கேட்கும் இணைய ஏலம்: இறங்குமுன் போடவேண்டிய கணக்கு

கோயில் ஏலத்தில் தோற்றவர் கைக்காசோடு வீடு போவார். இந்த இணைய ஏலத்தில் ஒவ்வொரு கேள்விக்கும், அதாவது ஒவ்வொரு தரம் விலை கேட்பதற்கும், கட்டணம்; தோற்றாலும் திரும்பாது.

முதலில் கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ ஏலத்தில் வரும் போனின் கடைவிலையைக் கேளுங்கள். 90,000 ரூபா என்று வையுங்கள். ஒரு கேள்விக்குக் கட்டணம் 50 ரூபா, அதனால் ஏல விலை ஏறுவது 1 ரூபா என்றால், 3,000 ரூபாவில் முடிந்த ஏலத்தில் 3,000 கேள்விகள் விழுந்திருக்கும். நடத்துபவருக்கு 1,50,000, அதற்கு மேல் அந்த 3,000. 'போன் வெறும் 3,000' என்ற விளம்பரத்தில் இது இராது. 400 தரம் கேட்டுத் தோற்றவருக்கு 20,000 போச்சு.

கேள்வி விழ விழ ஏலம் முடியும் நேரம் 10, 15 விநாடி நீளும். 'இன்னும் ஒன்று' என்று விரல் போவது அதனால்தான். எதிரே கேட்பது ஆளா, கணினி நிரலா என்பதும் தெரியாது.

கேட்டே தீருவேன் என்பவர் தொகையை முன்பே எழுதிவைத்து, அவ்வளவு மட்டும் உள்ள தனி அட்டையைப் பாவியுங்கள். தானாகக் கேட்கும் வசதியை நிறுத்துங்கள். சில தளங்கள் தோற்றவரின் கட்டணத்தைக் கழித்துப் பொருளை விற்கும். அவர்கள் போடும் 'கடைவிலை'யை நம் கடைவிலையோடு ஒப்பிட்ட பிறகே சம்மதியுங்கள். வெளிநாட்டுப் பொதி என்றால் அனுப்புகூலி, சுங்கவரி வேறு.