என்-3 நெடுஞ்சாலையை விட்டிறங்கி ஹைவெல்ட் சமவெளியைப் பார்ப்பது எப்படி

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குக் காரில் போகும் நம் தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், வான் ரீனன் கணவாயை ஏறி முடித்தவுடன் பார்க்கத்தக்கவை எல்லாம் தீர்ந்துவிட்டன என்ற எண்ணம் இருக்கிறது. கரும்புத் தோட்டமும் மலையும் பின்னால் போய்விட, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு மேலே விரிந்து கிடக்கும் புல்வெளி வெறும் கடக்க வேண்டிய தொலைவாகிவிடுகிறது. அதைப் பார்ப்பதற்கு ஏற்ற ஒரு முறை நம் திணை இலக்கணத்திலேயே உண்டு: முதலில் நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள், அடுத்து அந்நிலத்தில் வாழ்பவையாகிய கருப்பொருள், அதன் பின்னரே மனத்தில் எழும் உரிப்பொருள். இந்த வரிசையை மாற்றாமல் பார்ப்பவருக்கு ஹைவெல்ட் வெறுமையாகத் தோன்றாது.

ஆனால் முதலில் வண்டியை நிறுத்த வேண்டும். கணவாய்க்கு அப்பால் வரும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் நிற்காமல் போவது நமக்குப் பழக்கமாகிப் போனதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1891ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர்கள் அங்கே குடியேறுவதையும் வணிகம் செய்வதையும் பயிர் செய்வதையும் தடுத்தது. அந்தத் தடை 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. கட்டுச்சோற்றை மடியில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் கடந்துவிடு என்று பெரியவர்கள் சொன்னது சோம்பலால் அல்ல. சட்டம் போய்விட்டது, அவசரம் மட்டும் போகவில்லை.

நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்துவது ஆபத்து, சட்டத்துக்கும் புறம்பு. ஹாரிஸ்மித்தில் இறங்கி, கோல்டன் கேட் தேசியப் பூங்கா வழியாக கிளாரன்ஸ் செல்லும் ஆர்-712 சாலையையோ, ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் அணையை ஒட்டி ஒலிவியர்ஸ்ஹூக் கணவாய்க்குப் போகும் ஆர்-74 சாலையையோ பிடியுங்கள். கம்பிவேலிக்கு அப்பால் இருப்பது பெரும்பாலும் ஒருவருடைய பண்ணை நிலம்; வேலியைத் தாண்ட வேண்டாம், தாண்ட வேண்டிய தேவையும் இல்லை.

இடத்தைவிடப் பொழுதே முக்கியம் என்பது என் கருத்து. கோடை நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சிக்கு மேல் நிற்பதால் நிழலே விழாது. மேடும் பள்ளமும் ஒன்றாகி, நிலம் தட்டையாகத் தெரியும். நம்மவர்களில் பலர் அந்த நேரத்தில் கடந்துபோய்விட்டு, அங்கே ஒன்றுமில்லை என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். அதே நிலத்தை மாலை ஐந்து மணிக்குப் பாருங்கள்: சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் முளைத்து, நிலம் அலையலையாக எழும். குளிர்காலத்தில் இன்னொரு வசதி உண்டு. தென்னாப்பிரிக்காவில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்பதால், சமவெளியிலிருந்து தெற்கே டிராகன்ஸ்பெர்க்கை நோக்கினால் மலை முகத்தின் மீது நேராக வெளிச்சம் விழும். அப்போது பனியில் கருகிய புல் வைக்கோல் நிறத்தில் இருக்கும். பச்சைதான் அழகு என்ற கரையோரத்துக் கண்ணுக்கு இது பிடிபடச் சற்று நேரமாகும்.

ஐந்திணையில் இந்த மேய்ச்சல் வெளிக்கு நெருங்கியது முல்லை. முல்லைக்கு உரிய பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. ஹைவெல்ட்டில் மழை பொதுவாக அக்டோபரிலிருந்து மார்ச் வரை, அதுவும் பெரும்பாலும் பிற்பகல் இடிமழையாக வருகிறது என்பதால், இந்தப் பொருத்தம் வியப்பளிக்கிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் மழை கால் இறங்குவதையும், அதன் இருபுறமும் வெயில் அடிப்பதையும் ஒரே பார்வையில் காண முடிவது இப்படிப்பட்ட வெளியில்தான். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் எல்லோரும் காருக்குள் ஏறி, கண்ணாடிகளை மூடிவிட வேண்டும். திறந்த வெளியில் நிற்பவரே அங்கு உயரமான பொருள்.

தொலைவைப் பார்க்கவும் ஓர் அளவுகோல் தேவை. சமதரையில் நிற்பவருக்குத் தொடுவானம் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது. சுற்றியுள்ள நிலத்தைவிட நூறு மீட்டர் உயரமான குன்றில் நின்றால் அது முப்பத்தாறு கிலோமீட்டர் ஆகிவிடும். ஆகவே சாலை ஒரு மேட்டில் ஏறும் இடத்தையே தேர்ந்தெடுங்கள். பிறகு தொடுவானத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பவற்றைப் பாருங்கள். ஹாரிஸ்மித்துக்குப் பின்னால் நிற்கும் பிளாட்பெர்க்கின் தலை ஏன் தட்டையாக இருக்கிறது? சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கிப் பரவிய எரிமலைக் குழம்பு கெட்டியான பசால்ட் பாறையாகி, கீழுள்ள மென்மையான மணற்பாறையை மூடிக் காத்தது. மூடி இல்லாத இடமெல்லாம் அரித்துப் போயிற்று. நீங்கள் நிற்கும் வெளி, அப்படி அரித்துப் போனதன் மிச்சம்.

இனி கருப்பொருள். சாலையோரத்திலேயே ரூய்கிராஸ் எனப்படும் சிவப்புப் புல் கிடைக்கும். கோடையில் முற்றிய விதை ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வையுங்கள். அதன் நுனியில் முழங்கைபோல் மடிந்த, கருமையான நீண்ட கூர் ஒன்று இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அந்தக் கூர் தானாக முறுக்கவிழ்ந்து சுழலத் தொடங்கும். மழையிலும் வெயிலிலும் மாறி மாறி இப்படிச் சுழன்றே விதை மண்ணுக்குள் துளைத்து இறங்குகிறது. காரில் உறங்கிய குழந்தைகளை எழுப்ப இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பறவைகளில், ஜுலு மக்கள் இசாகபூலா என்று அழைக்கும் கரிய பறவையைத் தவறவிடக் கூடாது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை அரை மீட்டர் நீள வாலை இழுத்துக்கொண்டு புல்லுக்கு மேலே திணறித் திணறிப் பறக்கும். கோடையில் கம்பிகளின் மீது வரிசையாக உட்கார்ந்திருக்கும் சிறு வல்லூறுகள் அமுர் வல்லூறுகளாக இருக்கக்கூடும். வடகிழக்கு ஆசியாவில் பிறந்து, நாகாலாந்தில் தங்கி, இந்தியாவைக் கடந்து, கடல் தாண்டி அவை இங்கே வருகின்றன. 1860இல் சென்னையிலிருந்து டிரூரோ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்த நம் முன்னோரும் இந்தியப் பெருங்கடலைக் கடந்துதான் வந்தார்கள். ஆனால் வல்லூறுகள் ஆண்டுதோறும் திரும்பிப் போகின்றன.

உரிப்பொருளை யாரும் கற்றுத் தர முடியாது. ஆயினும் ஒரு சாலையைச் சொல்லலாம். நியூகாசிலிலிருந்து என்-11 வழியாக ஏறி, வோல்க்ஸ்ரஸ்ட்டில் ஆர்-23ஐப் பிடித்து, ஸ்டாண்டர்டன் நோக்கிப் போங்கள். 1913 நவம்பர் 6 அன்று சத்தியாகிரகப் பயணமாக, காந்தியுடன் நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், அவர்களில் பலர் நியூகாசில் சுரங்கங்களை விட்டு வெளியேறிய தமிழர்கள், ரொட்டியையும் சர்க்கரையையும் உணவாகக் கொண்டு இந்த வெளியில்தான் நடந்தார்கள். பால்ஃபரில் அவர்களைக் கைது செய்து ரயிலில் திருப்பி அனுப்பினார்கள். கண்ணுக்கு எட்டிய வரை ஒதுங்க நிழலில்லாத அந்த வழியில், காரை ஓரமான ஓரிடத்தில் நிறுத்திவிட்டுச் சிறிது தூரம் நடந்து பார்த்தால், காரின் வேகத்தில் பிடிபடாத அகலம் கால்களுக்குப் பிடிபடும்.

முதல்முறை போகிறவர்களுக்கு ஈஸ்டர் விடுமுறையைப் பரிந்துரைப்பேன். டர்பனை அடுத்த இசிபிங்கோ மாரியம்மன் கோவில் விழாவுக்கு ஜோகன்னஸ்பர்க் உறவினர்கள் எப்படியும் வந்து திரும்புவார்கள். அந்தச் சமயத்தில் சாலையோரமெங்கும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகக் காஸ்மாஸ் பூத்திருக்கும். போயர் போரின்போது குதிரைத் தீவனத்தோடு வந்த விதை என்று சொல்வார்கள். என்-3இல் அன்று நெரிசல் கடுமையாக இருக்கும் என்பதால் விடியுமுன் கிளம்பி, காலை வெயில் சாய்வாக இருக்கும்போதே ஆர்-712இல் இருங்கள். பொழுது சாய்ந்த பிறகு அந்தச் சாலைகளில் மாடுகள் குறுக்கே வரும். இருட்டுவதற்குள் நெடுஞ்சாலைக்குத் திரும்பிவிடுங்கள்.