ஆட்குறைப்புக்குப் பிறகு: அடுத்த வேலையை எவ்வளவு தூரம் தெரிந்தெடுக்கலாம்?

வேலை பறிபோன முதல் வாரத்தில் கொழும்பில் இருப்பவருக்கு இரண்டு வகை அறிவுரைகள் வந்து சேரும். "கிடைத்ததைப் பிடித்துக்கொள், மாதம் பிறந்தால் வாடகை வாசலில் நிற்கும்" என்பார் ஊரிலிருந்து அழைக்கும் மாமா. "உன்னுடைய அனுபவத்துக்கு இதற்கெல்லாம் போகாதே" என்பார் கூட வேலை செய்த நண்பர். இருவரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் உங்கள் வங்கிக் கணக்கில் என்ன மிச்சம் இருக்கிறதென்று இருவருக்கும் தெரியாது. சம்பளமில்லாமல் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியுமோ அத்தனை மாதத்துக்குத்தான் ஒருவர் வேலையைத் தெரிந்தெடுக்க முடியும் என்பது என் கணிப்பு. ஆகவே விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னர் கணக்கெழுத வேண்டும்.

இலங்கையில் வேலையிழந்தவருக்கு மாதாமாதம் பணம் தரும் காப்புறுதித் திட்டம் எதுவும் நடைமுறையில் இல்லை. சேமிப்பும், பழைய நிறுவனத்திடமிருந்து சட்டப்படி வரவேண்டிய தொகையுமே உங்கள் கைமுதல். இந்த இரண்டாவதைப் பலர் அவசரத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். நானும் அப்படிச் செய்தவன்தான். 2022 இல் எங்கள் பிரிவை மூடியபோது, மனிதவள அதிகாரி அன்பாகப் பேசி நீட்டிய தாளில் பத்து நிமிடத்துக்குள் கையெழுத்திட்டேன். அது "சொந்த விருப்பில் விலகுகிறேன்" என்ற கடிதம் என்பதை வீட்டுக்குப் போய்த்தான் நிதானமாக வாசித்தேன்.

1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க, வேலையாட்களின் சேவையை முடிவுறுத்துவது பற்றிய சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனம், முந்திய 12 மாதங்களில் 180 நாட்களாவது சேவை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதத்தையோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியையோ பெற்றிருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் நட்டஈட்டைக் கணக்கிடும் சூத்திரம், முதல் ஐந்து ஆண்டுச் சேவையில் ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டரை மாதச் சம்பளத்தைத் தருகிறது; உச்சவரம்பு 2021 இல் 25 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. 80,000 ரூபா சம்பளத்தில் நான்கு ஆண்டு வேலை செய்தவருக்கு இது எட்டு இலட்சம் ரூபா, அதாவது பத்து மாதச் சம்பளம். விலகல் கடிதத்தில் கையெழுத்திட்டவர் இந்தத் தொகையைக் கேட்பது மிகவும் கடினமாகிவிடும். எனவே எந்தக் கடிதத்தையும் ஓரிரு நாள் வைத்து வாசிக்க அவகாசம் கேளுங்கள். சந்தேகமிருந்தால் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்துக்கு அதை எடுத்துச் செல்லுங்கள். தொழில் நியாய சபைக்குப் போவதானால் வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் போக வேண்டும்.

ஐந்து ஆண்டு சேவையை முடித்திருந்தால், 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் 30 நாட்களுக்குள் வரவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியில் உள்ள பணத்தை வேலையை விட்டதும் எடுக்கலாம். ஆனால் ஒருமுறை எடுத்தால் அடுத்த ஐந்து ஆண்டுக்கு மறுபடி எடுக்க முடியாது. ஊழியர் சேமலாப நிதியைப் பொதுவாக ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும்தான் மீளப் பெறலாம் என்பதால், அதைக் கைமுதலில் சேர்க்கவே வேண்டாம்.

கிடைக்கும் மொத்தத்தை மாதச் செலவால் வகுத்துப் பாருங்கள். மாதச் செலவு என்று வரும்போது மனம் ஏமாற்றும். வாடகை, மின்சாரம், பிள்ளைகளின் பாடசாலை வான் ஆகியவை உடனே நினைவுக்கு வரும். அடகு வைத்த நகைக்கான வட்டி, சீட்டுக் காசு, லீசிங் தவணை, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கும் அம்மாவுக்கு அனுப்பும் பணம் ஆகியவை மறந்துபோகும். லீசிங் நிறுவனத்திடம் தவணை தவறுவதற்கு முன்னரே பேசுங்கள். தவறிய பிறகு பேசினால் அவர்கள் பேசும் விதமே வேறு.

இப்போது உங்களிடம் ஓர் எண் இருக்கும். அது மூன்றுக்குக் குறைவானால் தெரிந்தெடுப்பதைப் பற்றி நீண்ட நேரம் யோசிக்கத் தேவையில்லை: இடைக்கால வேலை ஒன்றை இப்போதே எடுத்துக்கொண்டு, நிலையான வேலையைப் பின்னால் தேடுங்கள். ஆறுக்கு மேலிருந்தால் உங்கள் துறையிலேயே, உங்கள் தரத்திலேயே தேட உங்களுக்கு உரிமை உண்டு. இடையில் இருப்பவர்கள்தான் பெரும்பாலானோர். அவர்களுக்கு நான் சொல்வது இது: முதல் ஆறு வாரங்களுக்கு எதற்கு மட்டும் விண்ணப்பிப்பீர்கள், அதன் பிறகு எவ்வளவு குறைவான சம்பளத்தை ஏற்பீர்கள், எந்தத் திகதிக்குப் பிறகு துறையையே மாற்றத் தயார் என்பதை இன்றைக்கே திகதியிட்டு எழுதி, வீட்டிலுள்ள ஒருவரிடம் காட்டி வையுங்கள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பது பொய்யல்ல. நான்காம் மாதத்தில் பதற்றத்தோடு எடுக்கும் முடிவை விட, முதல் வாரத்தில் நிதானத்தோடு எழுதிய முடிவு மேலானது.

இடைக்கால வேலையிலும் தெரிவு உண்டு. நேர்முகத் தேர்வுகள் பெரும்பாலும் வார நாட்களில் காலையிலேயே நடக்கும் என்பதால், மாலையில் நடக்கும் வேலையே உதவும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலை நேரத் தனியார் வகுப்பு எடுப்பது, தெரிந்தவரின் கடைக்குக் கணக்கு எழுதிக்கொடுப்பது போன்றவை தேடலைத் தின்பதில்லை. மாறாக, மகரகமவிலிருந்து 138 ஆம் இலக்க பஸ்ஸில் புறப்பட்டுப் புறக்கோட்டையில் நாள் முழுக்க நின்று இரவு வீடு திரும்பும் வேலை, சம்பளத்தைத் தந்தாலும் உங்கள் அடுத்த வேலையை எடுத்துக்கொண்டுவிடும். முழுநேர இடைக்கால வேலையானால், 2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா என்பதை நினைவில் வைத்திருங்கள். தரகுப் பணம் மட்டும் தரும் விற்பனை வேலையைத் தவிர்ப்பது நல்லது; அங்கே முதல் வாடிக்கையாளர்கள் உங்கள் உறவினர்களாகத்தான் இருப்பார்கள், இரண்டாவது மாதத்தில் உறவும் தீர்ந்துவிடும்.

நிலையான வேலையில், கையிருப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில. நியமனக் கடிதம் அவற்றில் முதலாவது. "முதலில் சேருங்கள், கடிதம் பிறகு தருவோம்" என்பவர் சேமலாப நிதியையும் பிறகுதான் தருவார். அங்கே வேலை செய்பவர் ஒருவரைத் தனியாகச் சந்தித்து, ஒவ்வொரு மாதப் பங்களிப்பும் அடுத்த மாத முடிவுக்குள் வைப்பிலிடப்படுகிறதா என்று கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் பண நெருக்கடி அதன் விளம்பரத்தில் தெரியாது. சேமலாப நிதியில்தான் முதலில் தெரியும்.

அடுத்தது சம்பளத்தின் உட்பிரிவு. பல நிறுவனங்கள் மொத்தத் தொகையைப் பெரிதாகக் காட்டி, அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக வைத்து, மிச்சத்தைக் கொடுப்பனவுகளாகத் தந்து, சட்டப்படியான பங்களிப்புகளை அடிப்படைச் சம்பளத்தின் மீது மட்டும் கணக்கிடுகின்றன. ஒரு நிறுவனம் 60,000 அடிப்படைச் சம்பளமும் 90,000 கொடுப்பனவுமாக 150,000 ரூபா தருகிறது என்றும், இன்னொன்று முழுவதும் அடிப்படைச் சம்பளமாக 130,000 தருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். சேமலாப நிதிக்கு நிறுவனம் செலுத்தும் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்குச் செலுத்தும் 3 வீதமும் சேர்ந்து முதலாவதில் 9,000 ரூபா, இரண்டாவதில் 19,500 ரூபா. ஆண்டுக்கு அரை மாதமான பணிக்கொடையை மாதக் கணக்குக்குக் கொண்டுவந்தால் 2,500 ரூபாவும் ஏறத்தாழ 5,400 ரூபாவும். இருபதாயிரமாகத் தெரிந்த வித்தியாசம் ஆறாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கிவிடுகிறது. கையில் காசு உடனே தேவைப்படுபவருக்கு முதலாவதே சரியாக இருக்கலாம். ஆனால் கொடுப்பனவை நிறுவனம் நாளைக்கு வெட்டுவது எளிது, அடிப்படைச் சம்பளத்தை வெட்டுவது அவ்வளவு எளிதல்ல என்பதை அறிந்தே அவர் ஒப்ப வேண்டும்.

ஊழியர் எண்ணிக்கையையும் கேளுங்கள். 15 பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு மேலே சொன்ன 1971 சட்டம் பொருந்தாது. அங்கே போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிறிய இடங்களில் தொழிலை விரைவாகக் கற்கலாம். ஆனால் அண்மையில் ஒருமுறை வேலையிழந்தவர், பெரிய நிறுவனத்திலும் முதல் 180 நாட்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமல்தான் இருப்பார் என்பதால், "இந்த இடம் ஏன் வெற்றிடமானது, முன்பிருந்தவர் எங்கே போனார்" என்று நேர்முகத்திலேயே கேட்பது மரியாதைக் குறைவல்ல. பயிற்சிச் செலவு என்ற பெயரில், இரண்டு ஆண்டுக்கு முன் விலகினால் பெருந்தொகை கட்ட வேண்டும் என்ற பிணைப்புக்குப் பதற்றத்தில் இருக்கும்போது கையெழுத்திடாதீர்கள். வெளிநாட்டு வேலையென்றால் முகவரின் அனுமதிப்பத்திரத்தை பத்தரமுல்லையிலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில், அல்லது அதன் 1989 இலக்கத்தில் உறுதிப்படுத்தாமல் கடவுச்சீட்டைக் கொடுக்க வேண்டாம். தகவல் தொழில்நுட்ப வேலை என்று நம்பிச் சென்று மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் சிக்கியவர்களில் இலங்கையர்களும் இருந்தார்கள்.

விட்டுக்கொடுக்கக் கூடியவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பதவிப் பெயர் அவற்றில் ஒன்று: நேற்று முகாமையாளராக இருந்தவர் இன்று சிரேஷ்ட நிறைவேற்றதிகாரியாகச் சேர்வதால் எதுவும் குறைந்துவிடாது. கட்டடம், வாகன வசதி, துறையின் மதிப்பு ஆகியவையும் அப்படித்தான். சம்பளத்தைக் குறைத்து ஏற்பதானால், தகுதிகாண் காலம் முடிந்ததும் மீளாய்வு செய்யப்படும் என்ற ஒரு வரியைக் கடிதத்தில் சேர்க்கக் கேளுங்கள். ஆனால் பழைய சம்பளத்தை அளவுகோலாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், அது சில வேளைகளில் மிகக் குறைவான அளவுகோல்: கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 2022 செப்டெம்பரில் ஆண்டடிப்படையில் 69.8 வீதம் உயர்ந்தது. அந்தக் காலத்தில் ஒரே நிறுவனத்தில் சிறு உயர்வுகளோடு இருந்துவிட்டவரின் சம்பளம் சந்தை விலைக்குப் பின்தங்கியிருக்கக் கூடும். உங்கள் துறையில் அண்மையில் வேலை மாறிய இரண்டு பேரிடம் தொகையைக் கேட்ட பிறகே உங்கள் எண்ணைச் சொல்லுங்கள்.

வேலை தருவதாகச் சொன்னவுடன் தொலைபேசியிலேயே சம்மதம் சொல்லிவிடாமல், கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பும்படி கேட்டு, இரண்டு நாள் அவகாசம் எடுத்து, அந்த இரண்டு நாளில் முதல் வாரம் எழுதி வைத்த தாளோடு அதை ஒப்பிடுங்கள். தாளில் இருக்கும் திகதிப்படி ஏற்க வேண்டியதாயின் ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நன்றி சொல்லி, காரணத்தை ஒரே வரியில் எழுதி மறுங்கள், ஏனெனில் இந்த நகரத்தில் மனிதவளப் பிரிவினர் ஒருவரையொருவர் அறிவார்கள். ஏற்பதானாலும், இரு தரப்பும் ஒப்பமிட்ட பிரதி கைக்கு வரும்வரை மற்ற நேர்முகங்களை இரத்துச் செய்ய வேண்டாம்.